புனேயில் பாட்டுக் கட்டும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வாகட், பாணேர், விமான் நகர் பக்கம் வாடகை அறைகளில் மூன்று பேராக, நான்கு பேராகத் தங்கி, பகலில் கம்பெனி வேலையும் ராத்திரியில் லேப்டாப்பில் பாட்டுமாக இருக்கிறவர்கள் நீங்கள். கட்கியிலும் ராஸ்தா பேட்டிலும் பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியுமாகப் பேசுகிறவர்களும் உங்களில் உண்டு. ஓபன் மைக் மேடைகளில் உங்களைக் கேட்கிறேன். வாட்ஸப்பில் நீங்கள் அனுப்புகிற பாட்டுகளையும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒழுங்காகக் கேட்கிறேன். கிடார் சுத்தமாக இருக்கிறது. பீட் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. குரலில் சரக்கு இருக்கிறது. ஆனால் பாட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, இல்லையென்றால் இந்தியில். காரணம் கேட்டால் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. ஒன்று, "இங்க தமிழ் யாருக்குப் புரியும்க்கா?" இன்னொன்று, "முழு ஆல்பம்னா ஸ்டுடியோ வேணும், ப்ரொட்யூசர் வேணும், அதுக்கெல்லாம் நாங்க எங்க போறது?"

இரண்டையும் சும்மா தள்ளிவிட முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த மொழியில் வந்த ஓர் ஆல்பத்தைப் பற்றிச் சொன்னால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஆல்பத்தின் பெயர் 'எல் மால் கெரேர்'. கேடான காதல் என்று வைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பர் 2 அன்று வெளியானது. பாடியவர் ரொசாலியா, அப்போது அவருக்கு வயது 26. பார்சிலோனாவுக்கு அருகில் ஒரு சிற்றூர்க்காரர். கட்டலோனிய உயர் இசைக் கல்லூரியில் ஃப்ளமென்கோ வாய்ப்பாட்டு படித்தவர். ஹோசே மிகேல் விஸ்காயா என்ற ஆசிரியரிடம் பல வருஷம் பழைய முறையில் பாடம் கேட்டவர். பட்டப்படிப்பின் கடைசியில் ஒரு ஆய்வேடு கொடுக்க வேண்டும் அல்லவா, அந்த ஆய்வேடாகத் தொடங்கியதுதான் இந்த ஆல்பம். கம்பெனி போட்ட திட்டம் இல்லை, மார்க் வாங்குவதற்காக ஒரு மாணவி எடுத்துக்கொண்ட வேலை.

எங்கே பதிவு செய்தார்கள் என்று பாருங்கள். ரொசாலியாவும் எல் கிஞ்சோ என்ற இசைக்கலைஞரும் சேர்ந்து தயாரித்தார்கள். பெரும்பகுதி எல் கிஞ்சோவின் பார்சிலோனா வீட்டிலேயே நடந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு கீபோர்டு. உங்கள் அறையில் இப்போது என்ன இருக்கிறதோ ஏறக்குறைய அதே. நீங்கள் ஃபேனை நிறுத்திவிட்டு, கதவில் ரஜாயைத் தொங்கவிட்டு, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருந்து ஒரு டேக் எடுக்கிறீர்களே, அந்த வகை வேலைதான் அதுவும். 2019இல் லத்தீன் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் ஷகிரா வாங்கிய பிறகு தனிப் பாடகி ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அப்போதுதான். அடுத்த ஜனவரியில் கிராமியும் வந்தது. விருதை வைத்து ஒரு பாட்டை நான் எடை போடுவதில்லை. ஆனால் "வீட்டில் செய்தால் வெளியே எடுபடாது" என்று ஒருத்தர் சொன்னபோது உங்களில் நிறையப் பேர் தலையாட்டினீர்கள். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஆல்பத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தெற்குப் பிரான்ஸில் ஆக்சிதான் மொழியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய செய்யுள் நாவல் 'ஃப்ளமென்கா'. (ஃப்ளமென்கோ இசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கதாநாயகியின் பெயர் அது.) கல்யாணமான கையோடு புருஷனுக்குச் சந்தேகம் பிடிக்கிறது. அவளைக் கோபுரத்தில் அடைத்துவைக்கிறான். வெளியே விடுவது கோயிலுக்கு மட்டும். அவள்மேல் ஆசைப்பட்ட ஒரு வீரன் கோயில் ஊழியனாக வேஷம் போட்டு உள்ளே நுழைகிறான். பூசையின் நடுவில் முத்தமிடுவதற்காக வேதப் புத்தகத்தை அவளிடம் நீட்டும் ஒரு நொடிதான் அவனுக்குக் கிடைக்கும் நேரம். அந்த நொடியில் இரண்டே அசை சொல்கிறான். அடுத்த பூசையில் அவள் இரண்டு அசை திருப்பிச் சொல்கிறாள். இப்படியே மாதக்கணக்கில் ஒரு உரையாடல் நடக்கிறது. இந்தக் காவியத்துக்கு இன்று மிஞ்சியிருப்பது கார்க்காசோன் நகர நூலகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதி. அதிலும் முதல் ஏடுகளும் கடைசி ஏடுகளும் இல்லை.

ரொசாலியா எடுத்துக்கொண்டது இந்தக் கூண்டுக் கதையை. 11 பாட்டு, 11 அத்தியாயம், மொத்தம் அரை மணி நேரம். சகுனம், கல்யாணம், பொறாமை, சண்டை, புலம்பல் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் அத்தியாயப் பெயர் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தின் பெயர் 'அதிகாரம்'. அதில் வாத்தியமே இல்லை. அவர் குரலும், அதே குரலை இயந்திரத்தில் போட்டு அடுக்கிய குரல்களும் மட்டும். காதலன் வந்து மீட்கிற கதை அங்கே கிடையாது. அவளே வெளியே வருகிறாள். முடிவு தொலைந்துபோன ஒரு பழங்கதைக்கு 26 வயதுப் பெண் ஒருத்தி தன் முடிவை எழுதியிருக்கிறாள் என்றுதான் நான் அதைக் கேட்கிறேன்.

இப்போது தாளம். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல ஆசை. ஃப்ளமென்கோவில் புலெரீயா என்று ஒரு வகை. பன்னிரண்டு எண்ணிக்கை. கைதட்டி எண்ணும்போது அழுத்தம் 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில் விழும். எண்ணாகப் பார்த்தால் தலை சுற்றும். வாயால் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. அவ்வளவுதான். சின்ன வயதில் நாலு மாதம் மிருதங்கம் படித்த பிள்ளைகூட இதைப் பிடித்துவிடும். இரண்டாம் பாட்டான கல்யாண அத்தியாயத்தைப் போட்டு, கூடவே இதைச் சொல்லிக்கொண்டே கை தட்டுங்கள். அந்த ஆல்பத்தின் உயிர் இந்தக் கைதட்டலில் இருக்கிறது. டிரம் மெஷின் வாங்கும் முன்பே மனுஷனிடம் இருந்த வாத்தியம் அது. நான்காம் பாட்டு சண்டை அத்தியாயம். அங்கே மோட்டார் சைக்கிளை முறுக்குகிற சத்தமே தாளக்கட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோபக்கார ஆண் ஒருவன் வாசலில் நிற்கிறான் என்று சொல்ல வேறு எதுவும் தேவைப்படவில்லை.

உங்களைச் சுற்றி என்ன சத்தம் இருக்கிறது என்று ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். கணபதிக்குப் பல வாரம் முன்னாலேயே முட்டா ஆற்றங்கரையிலும் பாலத்தடியிலும் டோல்-தாஷாப் பிள்ளைகள் பழக ஆரம்பித்துவிடுவார்கள். தாஷாவின் அந்தக் கூரான நடை நம்ம ஊர் நையாண்டி மேளத்துத் தவிலோடு பேசும். உங்கள் போனிலேயே பதிவு செய்யலாம், அவர்களிடம் கேட்டுவிட்டு. ஆனால் நீங்கள் அனுப்புகிற பாட்டுகளில் இருப்பதெல்லாம் எங்கோ ஒரு நாட்டில் யாரோ செய்து விற்கிற சாம்பிள் பேக். அதே கைதட்டல், அதே கிளிக். உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருப்பது உங்கள் பாட்டில் ஏன் இல்லை?

சரி, மொழி. தமிழ் புரியாத ஊரில் தமிழ்ப் பாட்டு எதற்கு என்கிறீர்கள். 2017இல் 'டெஸ்பாசீத்தோ' வந்தபோது ஹிஞ்சவடி கம்பெனி பஸ்ஸில் அதைப் பாடாத ஆள் உண்டா? எஃப்.சி. ரோட்டில் ரானடே இன்ஸ்டிட்யூட்டில் ஸ்பானிஷ் படித்தவர்களா அத்தனை பேரும்? இது போகட்டும், அது உலகமே பாடிய பாட்டு. புனேயின் சொந்தப் பழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1953 முதல் டிசம்பர் குளிரில் சவாய் கந்தர்வ இசை விழா நடக்கிறது. ஆயிரக்கணக்கான மராத்திக்காரர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து கயால் என்ற இந்துஸ்தானிப் பாட்டைக் கேட்கிறார்கள். அந்தப் பாட்டின் சொற்கள் பெரும்பாலும் பிரஜ் மொழி. எத்தனை பேருக்கு வரிக்கு வரி அர்த்தம் தெரியும்? அந்த விழாவைத் தொடங்கிய பீம்சேன் ஜோஷி கதகில் பிறந்த கன்னடக்காரர். அவருடைய குரு சவாய் கந்தர்வர் குந்தகோளத்துக்காரர், அவரும் கன்னடம். பீம்சேன் மராத்தி அபங்கங்களைப் பாடி இந்த ஊரை அழவைத்தார். தன் மொழியின் தாசர் பதங்களையும் விடாமல் பாடினார்.

சவாய் கந்தர்வரின் குரு அப்துல் கரீம் கான், உத்தரப் பிரதேசத்துக் கைரானாக்காரர். 1913இல் புனேயில் ஆர்ய சங்கீத வித்யாலயம் என்று பள்ளி வைத்து நடத்தினார். நம்ம ஊர்ச் சங்கீதத்தின்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டில் பாடியிருக்கிறார். 1937இல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில்தான் அவர் உயிர் பிரிந்தது. அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். புனே என்ற ஊருக்குக் காது இருக்கிறது, தம்பி. அந்தக் காதுக்கு மொழி ஒரு தடையாக இருந்ததே இல்லை. பாட்டு பொய்யாக இருந்தால்தான் இந்த ஊர் எழுந்து போகும்.

எந்தத் தமிழில் எழுதுவது என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. சினிமாப் பாட்டுத் தமிழ் வேண்டாம் என்பது என் எண்ணம். நிலா, தென்றல், விழி, தேவதை எல்லாம் ஏற்கெனவே ஓடித் தேய்ந்துவிட்டன. உன் அம்மா கோபத்தில் பேசுகிற தமிழில் எழுது. தாத்தா காலத்திலேயே கட்கிக்கு வந்துவிட்ட குடும்பமென்றால் உன் வீட்டுத் தமிழில் "காய் ஜால?" என்று மராத்தி நடுவில் வந்து விழும். வரட்டும், அப்படியே வைத்துக்கொள். திருநெல்வேலிக்காரப் பையன் "என்னல" என்றே பாடட்டும். ரொசாலியாவும் இந்தச் சிக்கலில் இருந்தவர்தான். அவருடைய மண்ணின் மொழி கட்டலான், இந்த ஆல்பத்தைப் பாடியது ஸ்பானிஷில். மறு வருஷமே 'மில்லியோனாரியா' என்று கட்டலான் மொழியில் ஒரு பாட்டுப் போட்டார். 2025இல் வந்த 'லக்ஸ்' ஆல்பத்தில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடியிருக்கிறார். நாளைக்கு நீங்களும் மராத்தியிலோ இந்தியிலோ இஷ்டப்பட்டுப் பாடுங்கள், சந்தோஷம். பயந்துகொண்டு தமிழை விட்டுவிடுவதுதான் எனக்கு வலிக்கிறது.

இனி சொல்லப்போவது 'எல் மால் கெரேர்' ஆல்பத்தின்மேல் இருக்கும் ஒரு குற்றச்சாட்டு. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆல்பத்தைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஃப்ளமென்கோ அந்தலூசியாவின் ஹிதானோ மக்கள் வளர்த்த இசை. அவர்கள் ரோமா மக்கள். முன்னோர் இந்தியாவின் வடமேற்கிலிருந்து போனவர்கள் என்பதை அவர்களுடைய மொழியே காட்டிக்கொடுக்கிறது, 18ஆம் நூற்றாண்டிலிருந்து அறிஞர்கள் சொல்லிவருகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்குள் வந்தார்கள். 1749இல் அரசாணை போட்டு நாடு முழுக்க அவர்களை வளைத்துப் பிடித்துச் சிறையில் தள்ளினார்கள், ஆண்களை ஒரு பக்கம், பெண்களையும் குழந்தைகளையும் ஒரு பக்கம். அந்தப் பாட்டில் கேட்கிற கதறலுக்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது. கட்டலோனியாவில் பிறந்த, ஹிதானோ அல்லாத ஒரு பெண் அந்த இசையையும் அடையாளங்களையும் எடுத்துப் போட்டுக்கொண்டு உலகப் புகழ் பெற்றபோது ஹிதானோ செயல்பாட்டாளர்கள் கேள்வி கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காத மேடை உனக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்பதுதான் சாரம். அவர் பல வருஷம் முறையாகப் படித்தவர், மதிப்போடு பாடுகிறவர் என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்வியும் நியாயமானது என்றும் தோன்றுகிறது. ஒன்று மற்றதை அடித்துவிடாது.

நமக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. பறையும் கானாவும் ஒப்பாரியும் யாருடைய கையிலும் தொண்டையிலும் வளர்ந்தன என்று உங்களுக்குத் தெரியும். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறை மேடை ஏறியபோது, அந்த இசைக்குச் சொந்தக்காரர்களே தங்கள் பெயரில், தங்கள் கோபத்தோடு பாடினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உண்டாக்கிய குழு அது. உங்கள் பாட்டுக்குப் பறை வேண்டுமென்றால் பறை அடிக்கிறவரைக் கூப்பிடுங்கள். புனேயில் ஆள் கிடைக்கவில்லையா, ஊரில் இருக்கும் கலைஞரிடம் பேசிப் பணம் கொடுத்துப் பதிவு வாங்குங்கள். ஆல்பத்தில் அவர் பெயரைப் போடுங்கள். பாட்டி பாடின ஒப்பாரியிலிருந்து மெட்டு எடுத்தால் பாட்டி பெயரையும் போடுங்கள்.

பெயர் என்றதும் தங்கைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தான் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்த தயாரிப்பு வேலையை மற்றவர்கள் கூட இருந்த ஆணின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள் என்று ரொசாலியா பேட்டிகளில் குறைபட்டிருக்கிறார். நீ பீட் போட்டால், நீ மிக்ஸில் உட்கார்ந்தால், "தயாரிப்பு" என்ற இடத்தில் உன் பெயர் இருக்க வேண்டும். கூச்சப்பட்டு விடாதே.

காகித வேலையையும் அலட்சியம் பண்ணாதீர்கள். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் என்று கருதப்படுபவர் அதைப் பொறுப்பேற்றுத் தயாரித்தவர். சொந்தமாகச் செய்தால் அது உங்களுடையது. அவசரத்தில் நாலாயிரம் ஐயாயிரத்துக்கு யாரிடமாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் போனது போனதுதான். எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வரவேண்டிய ராயல்டிப் பங்கை 2012 திருத்தம் காப்பாற்றித் தந்திருக்கிறது, கேட்டாலும் விட்டுக்கொடுக்க முடியாதபடி. அதை வசூலித்துத் தர 1969 முதல் ஐபிஆர்எஸ் இருக்கிறது, பக்கத்து மும்பையிலேயே. உறுப்பினர் ஆகுங்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்தால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டு வெளிவருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' ஊரெல்லாம் ஓடிய பிறகு, அதை எழுதிப் பாடிய அறிவு ஒரு பத்திரிகை அட்டையில் இல்லாமல் போனது எவ்வளவு பெரிய பேச்சானது என்று பார்த்தீர்கள். அத்தனை பெரிய பாட்டுக்கே அப்படி.

இன்னொன்று, ஏன் ஆல்பம்? மாதத்துக்கு ஒரு சிங்கிள் போட்டு, அதிலிருந்து அரை நிமிஷம் ரீல்ஸுக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆள் சேர அது உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெண் பயந்து, அடங்கி, வெகுண்டு, வெளியே வருவதை அரை நிமிஷத்தில் காட்ட முடியாது. அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். முதல் பாட்டில் விதைத்தது ஒன்பதாம் பாட்டில் முளைக்க இடம் வேண்டும்.

கதை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். ஒரு யோசனை சொல்கிறேன். குண்டலகேசியை எடுத்துப் பாருங்கள். ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, நாதகுத்தனார் பாடியது என்பார்கள். நமக்குக் கிடைத்திருப்பவை 19 செய்யுள்கள் மட்டுமே, மற்றதெல்லாம் காலத்தில் போய்விட்டது. கதை உரைகள் வழியாகவும் பௌத்த நூல்கள் வழியாகவும் தெரியும். கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்பட்ட திருடனைப் பார்த்து ஆசைப்பட்டு, அவனை மீட்டுக் கல்யாணம் செய்கிறாள் குண்டலகேசி. அவன் ஒரு நாள் அவளை மலை உச்சிக்குக் கூட்டிப் போய்க் கொல்லப் பார்க்கிறான். சாகும் முன் உங்களை மூன்று முறை வலம் வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள். பின்னால் வந்ததும் ஒரே தள்ளு. பிறகு துறவியாகி, ஊர் ஊராகப் போய் அறிஞர்களை வாதத்துக்கு அழைத்து ஜெயிக்கிறாள். ஆசை, கல்யாணம், மலை உச்சி, வாதம். அத்தியாயங்கள் தானாகவே பிரிந்து கிடக்கின்றன. தொலைந்துபோன செய்யுள்கள் அத்தனையும் உங்களுக்கு விட்ட இடம். வலம் வருகிற அந்த மூன்று சுற்றுக்குத் தாளம் எப்படி அமையும் என்று யோசிக்கும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. இந்தக் கதையே வேண்டும் என்பதில்லை. ராஸ்தா பேட்டில் இட்லி மாவு அரைத்துக் குடும்பத்தை நிறுத்திய உன் ஆத்தாவின் கதைகூட 11 பாட்டுக்குத் தாங்கும்.

வரும் மழைக்காலத்தை வீணாக்காதீர்கள். ஜூனில் ஆரம்பித்தால் கணபதிக்குள் நாலு பாட்டாவது ஒப்பேறும். தகரக் கூரைமேல் மழை விழும் வீடென்றால் குரல் டேக்குகளை மழை விட்ட நேரத்தில் எடுங்கள். மழைச் சத்தத்தையும் தனியாக ஒரு ட்ராக்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எங்காவது உதவும். முதல் மிக்ஸ் ஆனதும் எனக்கு அனுப்புங்கள். குரலில் ரீவெர்ப் குறைவாக இருக்கட்டும், எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்து கூட அனுப்புங்கள். யார் யார் என்ன வாசித்தீர்கள் என்ற பட்டியலையும்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி,
புனே